ஏரி நடுவே ஒரு ரோசாக் கட்டம்

அஞ்சலை என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். கழற்றினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், பிடுங்கினாள். ஆணியோடு காரையும் பெயர்ந்து என் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. மேலும் கீழும் மூங்கில் கழி கோத்த துணிப்படம் அது. அதை அப்படியே தோளில் சாத்திக்கொண்டு பட்டப்பகலில் பாகூர்த் தெருவில் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் எச்சில் கையோடு பின்னால் ஓடினேன்.

“ஏம்மா அஞ்சல, கீழ வைம்மா அத! அது வெறும் படம்மா!”

“படமோ பாடையோ, எங்க வாய்க்கா இதுல இருக்குது. கச்சேரியில காட்டிட்டு, திரும்பக் கொண்டாந்து மாட்டறேன்.”

“அதுல வாய்க்காலே கெடையாதும்மா!”

“நீலமா ஓடுதே, இன்னா அது? உங்க வூட்டு அரணாக்கவுறா?”

தெருவில் சிரித்தார்கள். வாசலில் என் மனைவி தனகோட்டி நின்றுகொண்டு, “சட்டையாவது போட்டுக்கினு ஓடுங்க” என்று கத்தினாள். சட்டைக்குத் திரும்பினால் அஞ்சலை போய்ச் சேர்ந்துவிடுவாள். அப்படியே ஓடினேன்.

கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி அல்ல. எங்கள் பிரெஞ்சு சீமையில் கொம்யூன், அதாவது ஊராட்சி, அலுவலகத்துக்கு ஜனங்கள் வைத்த பேர் அது. நான் அங்கேதான் நிலத்துப் பிளான்களை நகல் எடுக்கும் வேலையில் இருந்தேன். பழைய பிளான்களைக் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. அவற்றைப் புதுத் துணியில் திரும்ப எழுதி வண்ணம் தீட்ட வேண்டும். சர்க்கார் பிளான் எழுதுகிறவன் வீட்டுச் சுவரில் சர்க்காருக்குத் தெரியாமல் இன்னொரு பிளான் தொங்கியது என்று மேலதிகாரி நினைத்தால் என் கதி என்ன? அந்தப் பயம்தான் என்னை எச்சில் கையோடு ஓட வைத்தது.

ஒரு கார்டு

இந்தக் கதையை இந்தப் பத்தியில் சொல்லாமல் இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். விழுப்புரத்து வாசகர் ஒருவர் போட்ட கார்டு என்னைக் கிளப்பிவிட்டது. “ஐயா, உங்கள் படங்களில் வெறும் கட்டமும் பட்டையும்தான் இருக்கின்றன. மனிதர், மரம், மட்டை ஒன்றும் காணோம். உங்களுக்கு அதெல்லாம் வரையத் தெரியாதா?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. கார்டைப் படித்ததும் கோபம் வந்தது. இரண்டு வாய் காப்பி குடித்ததும் போய்விட்டது.

தெரியும் ஐயா. மனிதர் வரைந்தேன், மரம் வரைந்தேன், மட்டையும் வரைந்தேன். ஒவ்வொன்றாக விட்டேன். விட்ட கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மீசை பார்த்த காலம்

முதலில் நான் வரைந்ததெல்லாம் செத்துப்போனவர்களை. எங்கள் பக்கத்தில் அப்போது போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அப்பன் செத்த பிறகுதான் பிள்ளைக்கு அப்பன் முகம் வேண்டும் என்று தோன்றும். என்னிடம் வருவார்கள். மூக்கு எப்படி, காது எப்படி என்று சொல்லுவார்கள். சொல்லச் சொல்ல நான் கரியால் வரைவேன். நாலு பிள்ளைகள் இருந்தால் நாலு அப்பன் கிடைப்பான். கடைசியில் யார் குரல் பெரிசோ அவன் சொன்ன அப்பன்தான் படத்தில் நிற்பான்.

ஜம்புலிங்கம் என்று ஒரு நிலக்காரர். ஏரிக்கரையை ஒட்டி நல்ல நஞ்சையெல்லாம் அவருடையது. அவர் அப்பாவை நான் வரைந்து கொடுத்தேன். பார்த்தார். “மீச பத்தாதே” என்றார். கூட்டினேன். “இன்னும் கொஞ்சம்” என்றார். இன்னும் கூட்டினேன். மூன்றாம் தடவை அவருடைய அம்மாவே எட்டிப் பார்த்து, “யார்ரா இது, போலீஸ்காரனா?” என்று கேட்டார். அந்த வீட்டில் அந்தப் படம் கடைசிவரை மாட்டியிருந்தது.

அதோடு எனக்கு முகம் அலுத்துப்போயிற்று. முகத்தில் ஆளாளுக்கு உரிமை கொண்டாடுகிறார்கள் என்று ஏரியை வரையப் போனேன். பாகூர் ஏரி, கரை, பனை மரங்கள், மதகு, நாரை. ஒரு பனைக்கு இத்தனை மட்டை என்று எண்ணி எண்ணி வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அசல் மாதிரியே இருக்கிறது என்றார்கள். அசல்தான் எதிரே நிற்கிறதே, பிறகு இது எதற்கு என்று எனக்கே தோன்றிவிட்டது.

பிறகுதான் கச்சேரி வேலை வந்தது. வேலை என் கண்ணைக் கெடுத்தது.

நாலு சாயக்கட்டி

பிளானில் பனை மரம் கிடையாது, நாரை கிடையாது, ஆளும் கிடையாது. நிலத்தை மேலிருந்து பார்த்த மாதிரி வரப்பும் எல்லையும் மட்டும். கச்சேரியில் எனக்குக் கொடுத்தது ஒரு தகரப் பெட்டி, அதில் நாலு சாயக்கட்டி. தண்ணீருக்கு நீலம், நஞ்சைக்குப் பச்சை, புஞ்சைக்கு மஞ்சள், வீட்டுக்கு ரோசா. அவ்வளவுதான். கொம்யூன் முழுவதையும் இந்த நாலில் அடக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. எங்கள் சீமை ஒரே துண்டாக இருந்ததில்லை. நாலு ஊர் பிரெஞ்சுக்காரன் ஊர், அடுத்தது இங்கிலீஷ்காரன் ஊர், மறுபடி நம்முடையது. மடுகரைப் பக்கம் போனால் ஒருவன் ஏர் ஓட்டித் திருப்பும் இடம் வேறு ராஜ்யமாக இருக்கும். பிளானில் இங்கிலீஷ்காரன் நிலத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும். அங்கே ஒரு வரப்புகூடப் போடக்கூடாது.

பட்டணத்தில் என் படங்களைப் பார்த்த ஒரு பெரிய மனிதர் பின்னாளில் மிகவும் மெய்மறந்து, “இந்த வெள்ளை இடங்களில்தான் உங்கள் தத்துவம் இருக்கிறது” என்றார். அது இங்கிலீஷ்காரன் நிலம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனிதர் வருத்தப்படுவாரே என்று விட்டுவிட்டேன்.

பகலெல்லாம் பிளான் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து மிச்சச் சாயத்தில் படம் போடுவேன். துணியும் கச்சேரித் துணிதான். ஓரத்தில் கிழிந்ததென்று கழித்தது. மெல்ல மெல்ல என் படத்திலும் பனை மரம் காணாமல் போயிற்று. பிறகு நாரை. பிறகு மதகு. கடைசியில் கரையில் நின்று பார்த்தால் என்ன நிறம் எங்கே கிடக்கிறதோ அது மட்டும் மிஞ்சியது. தனகோட்டி பார்த்துவிட்டு, “இன்னாங்க இது, பாய் விரிச்ச மாதிரி கட்டம் கட்டமா? மரத்தயெல்லாம் யார் வெட்டிக்கினு போனா?” என்று கேட்டாள்.

இதில் நான் யோசிக்காத சங்கதி ஒன்று. எங்கள் ஊர் ஜனங்களுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் பிளான் படிக்கத் தெரியும். நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் கச்சேரிக்கு வந்து, அந்தத் துணியில் தன் பச்சையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவன்தான். பட்டணத்துக்காரன் என் படத்தைப் பார்த்தால் இது என்ன என்று கேட்பான். பாகூர்க்காரன் பார்த்தால் இது யார் கழனி என்று கேட்பான்.

கருவாட்டுக் குழம்பு

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

ஒரு சித்திரை மாதம். ஏரிக்குக் கீழ்ப்பக்கத்து நிலங்களின் பழைய பிளானை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஜம்புலிங்கத்தின் நஞ்சைக்குக் குறுக்கே மங்கலாக ஒரு நீலம் ஓடியது. வாய்க்காலா, மழைத் தண்ணீர் ஒழுகின கறையா என்று தெரியவில்லை. துணியெல்லாம் கறைதான். இப்படிச் சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, நாலு பக்கத்து நிலக்காரர்களையும் விசாரித்து, பிறகுதான் எழுத வேண்டும். அது விதி.

வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் தனகோட்டி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். நான் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன், தூங்கினேன். சாயங்காலம் வந்து, கறை என்று முடிவு செய்து, அந்த இடத்தைப் பச்சையாகத் தீட்டிவிட்டேன். நகலில் கையெழுத்து விழுந்ததும் பழைய துணியைக் கச்சேரிக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அது வழக்கம்.

அஞ்சலையின் கழனி அந்த நீலத்தின் கடைசியில் இருந்தது. அவள் புருஷன் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். அவள்தான் ஆள் வைத்துப் பயிர் செய்தாள். புருஷன் கப்பல் ஏறின கையோடு, ஜம்புலிங்கம் தன் நஞ்சைக்குக் குறுக்கே போன வாய்க்காலை ஏர் ஓட்டி மூடிவிட்டார். முதல் வருஷம் நல்ல மழை, யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருஷம் மழை குறைவு, அவள் பாதிதான் நட்டாள். அதற்கும் அடுத்து மழை பொய்த்து, ஏரித் தண்ணீரை முறை வைத்து விட்டபோது, அவள் முறை வந்தது. தண்ணீர் வர வழியில்லை. மாசிக் கடைசி. நெல் கதிர் வெளிவராமல் பொதி கட்டி நின்றது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் இல்லையென்றால் மொத்தமும் பதர்.

அவள் கச்சேரியில் முறையிட்டாள். ஜம்புலிங்கம், “ஆதியிலேர்ந்தே அங்க வாய்க்கா கெடையாது” என்றார். பக்கத்து நிலத்துக்காரர்கள் அவரிடம் குத்தகைக்கு உழுகிறவர்கள், வாய் திறக்கவில்லை. என் நகலை விரித்துப் பார்த்தார்கள். பச்சை. தீர்ந்தது.

அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள், என்னை ஏசிவிட்டுப் போக. வந்தவள் என்னை ஒரு மூச்சு ஏசவும் செய்தாள். “இன்னா பிளான்காரரே, கைய வெச்சுக்கினு எழுதினீங்களா, கால வெச்சுக்கினு எழுதினீங்களா?” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். சுவரில் படம் தொங்கியது.

முன் மார்கழியில் நான் ஏரிக்கரையில் உட்கார்ந்து போட்ட படம் அது. அப்போது ஜம்புலிங்கத்தின் பயிருக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் மற்றதைவிடக் கறுத்து, இருட்டான பச்சையாக வளைந்து போனது. எனக்கு அது நீலமாகவே கண்ணில் பட்டது. நீலம் வைத்தேன். ஏன் அங்கே மட்டும் பயிர் கறுத்திருந்தது என்று நான் யோசிக்கவில்லை. சித்திரையில் என் கையே அந்த இடத்தைப் பச்சையால் மூடியது என்பதும் நினைவுக்கு வரவில்லை. பிளான் எழுதுகிறவன் ஒருத்தன், படம் போடுகிறவன் ஒருத்தன். என் ஒரு உடம்பில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் குடியிருந்தார்கள்.

அஞ்சலை அந்த நீலத்தின் மேல் விரலை வைத்து, அது போன வழியே இழுத்துக்கொண்டு வந்தாள். அடியில் ஒரு சின்னப் பச்சைக் கட்டத்தில் விரல் நின்றது. “இது எங்க கழனி” என்றாள். அடுத்த நொடி ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

கெண்டை மீன் வீடு

நான் கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது படம் மேசை மேல் விரிந்து கிடந்தது. அன்றைக்கென்று பட்டணத்திலிருந்து பிளான் இலாகா மேலதிகாரி நகல்களைத் தணிக்கை செய்ய வந்திருந்தார். வெள்ளைக்காரர், நாங்கள் முசே என்போம். நன்றாகவே தமிழ் பேசுவார். பக்கத்தில் மேர், அதாவது கொம்யூனுக்குத் தலைவர். எதிரே ஜம்புலிங்கம், துண்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில்.

தனகோட்டி யாரிடமோ என் சட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தாள். கூடவே ஒரு செய்தியும்: “ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு வரச் சொல்லு.” சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

ஜம்புலிங்கம் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது பிளானாங்க? ஏரிக்கு நட்டநடுவுல பாருங்க, ரோசா! ரோசான்னா வூடு. யாரு வூடுபா அது, கெண்ட மீனு வூடா?”

மேர் சிரித்தார். வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முசே சிரிக்காமல் என்னைக் கேட்டார். “இது பிளானா, படமா?”

“படம், முசே.”

“யாருக்காக எழுதினது?”

“எனக்காக.”

அவர் பென்சிலால் ரோசாவைத் தொட்டார். “அப்படியானால் இது என்ன?”

அந்த ரோசாவை வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நிறத்தைக் குழைத்து, வைக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாழிகை கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைத்ததும் படம் மூச்சு விட்டது. ஆனால் அத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாகிவிட்டது.

“ஒன்றுமில்லை, முசே. சும்மா வைத்தது.”

ஜம்புலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கேஸ் முடிந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முசேயின் பென்சில் நீலத்துக்கு வந்தது. “இது?”

இன்னொரு ஒன்றுமில்லை சொன்னால் போதும். வேலை நிற்கும். வீட்டுக்குப் போய்க் கைகழுவிவிட்டு விட்ட இடத்திலிருந்து சாப்பிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான், அந்த நீலம் வளைகிற இடத்தில், சித்திரை மாதத்துக் கறை எனக்கு நினைவு வந்தது. அதே வளைவு. கறை அப்படி வளையாது.

“முசே, படத்தை விடுங்கள். நகல்தான் தப்பு” என்றேன். “பழைய பிளானில் இந்த இடத்தில் நீலம் இருந்தது. கறை என்று நினைத்து நான் பச்சை தீட்டிவிட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.”

“ஏன் போகவில்லை?”

பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்.

“வெயில், முசே. வீட்டில் கருவாட்டுக் குழம்பு.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஜம்புலிங்கம் எழுந்துவிட்டார். “இவன் அந்தப் பொம்பளைக்குப் பரிஞ்சு பேசறான், முசே. எங்கப்பா படத்தயே கோணலா எழுதினவன் இவன்!”

“மீசையைக் கூட்டச் சொன்னது நீங்கள்” என்றேன். அந்த நேரத்திலும் அது எனக்குப் பொறுக்கவில்லை.

நத்தை ஓடு

எல்லாரும் ஏரிக்கரைக்குப் போனோம். பின்னேரம். கரை மேல் ஏறி நின்றதும் முசே கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். ஜம்புலிங்கத்தின் பயிர் வெளிறிக் கிடந்தது. தண்ணீர் அவருக்கும் குறைவுதான். நடுவே ஒரு பட்டை மட்டும் கறுகறுவென்று வளைந்து போனது. முசே படத்தை விரிக்கச் சொன்னார். அஞ்சலை ஒரு கழியையும் நான் ஒரு கழியையும் பிடித்துக்கொண்டோம். அவர் படத்தைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

பட்டை வந்து முட்டுகிற வரப்பில் வெட்டச் சொன்னார். யாரும் முன்னால் வரவில்லை. அஞ்சலையே மண்வெட்டியை வாங்கினாள். மேல்மண் செம்மண். முழங்கால் ஆழம் போனதும் கறுப்பு வண்டல் வந்தது, கை வைத்தால் இன்னும் ஈரம். அதற்குள் நத்தை ஓடுகள். ஏரியிலிருந்து வாய்க்கால் வழியே அடித்துக்கொண்டு வருகிற சின்ன வெள்ளை ஓடுகள். ஒரு பிடி அள்ளி ஜம்புலிங்கத்தின் காலடியில் போட்டாள்.

“ஆதியிலேர்ந்து இல்லாத வாய்க்கால்ல நத்த எங்கேர்ந்து வந்துது, சொல்லுங்க. சைகோன்லேர்ந்தா?”

குத்தகைக்காரர்களில் ஒருவர் அப்போதுதான் வாய் திறந்தார். “வாய்க்கா இருந்திச்சுங்க” என்றார். பிறகு இன்னொருவர்.

மூன்றாம் நாள் வாய்க்காலைத் திரும்ப வெட்டித் தண்ணீர் விட்டார்கள். கடைக்கோடியில் கொஞ்சம் பயிர் அதற்குள் கருகிவிட்டது. மற்றது பிழைத்தது.

என் பயிர் கருகிவிட்டது. முசே நல்லவர், ஆனால் விதி விதிதான், வேலை போயிற்று. சாயப்பெட்டியையும் ரூல் தடியையும் மறுநாள் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தனகோட்டி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள், “கருவாட்டுக் கொழம்புன்னு ஏன் சொன்னீங்க? ஊரே என் கொழம்பச் சொல்லுது” என்றாள். பிறகு அழுதாள். அவள் அழுததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாயம் போன பிறகு

தவளக்குப்பத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தேன். படம் போடச் சாயக்கட்டி இல்லை. செங்கல்லைப் பொடித்தேன், அடுப்புக்கரியை அரைத்தேன், சுண்ணாம்பு எடுத்தேன், துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்தேன். தூரிகை தேய்ந்ததும் கந்தையைச் சுருட்டி ஒற்றினேன்.

கோடு போடுவதை அதோடு விட்டேன். கோடு போட எனக்குப் பயமாக இருந்தது. இன்னாருக்கு இதுவரை என்று சொல்லுவது கோடுதான். அதைச் சொல்ல எனக்கு இனி யோக்யதை இல்லை என்று நினைத்தேன். நிறத்துக்குப் பக்கத்தில் நிறத்தை வைத்து, அவை தொடுகிற இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். பின்னாளில் இதற்கு அரூப ஓவியம் என்று பேர் சொன்னார்கள். விழுப்புரத்து ஐயா, மரம் மட்டை போனது அலுப்பினால். கோடு போனது இப்படித்தான்.

சாயத்துக்கு வழி கண்டேன். துணிக்குத்தான் வழியில்லை. பழைய வேட்டியில் கஞ்சி தடவிப் போட்டுப் பார்த்தேன், சுருங்கியது. தனகோட்டி வேட்டிகளை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். அப்போதுதான் அஞ்சலையிடம் இருக்கும் படம் நினைவுக்கு வந்தது. அவள் அதைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டவே இல்லை. படம் எனக்கு வேண்டாம். கச்சேரித் துணி வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டுத் தோய்த்தால் சாயம் போய்விடும், புதுசாக ஒன்று போடலாம்.

புரட்டாசி என்று நினைவு. நல்ல மழை பெய்திருந்தது. பொழுது சாயும் நேரம் போனேன். அஞ்சலை கழனியில் நின்றாள். நடவுக்காகச் சேறு அடித்துத் தண்ணீர் கட்டியிருந்தாள். முழங்கால்வரை சேறு.

“அஞ்சல, அந்தத் துணி வேணும்மா. தோய்ச்சுட்டு வேற ஒண்ணு போடணும்.”

“தோய்க்கறதா?” நிமிர்ந்தாள். “அந்த ரோசாவயும் சேத்தா?”

“ஆமா. அதுல இன்னா இருக்குது?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு ஏச வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. சேற்றுக் கையால் தன் கழனியைக் காட்டினாள்.

சுற்றிலும் பயிர். நடுவே அவள் கழனி மட்டும் சதுரமாகத் தண்ணீர். மேற்கே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க ரோசா.

“அன்னிக்கு முசே கேட்டப்ப ஒண்ணுமில்லன்னீங்களே, எனக்கு வாய் துடிச்சிது பிளான்காரரே. நம்ம கேசு கெட்டுப்பூடுமேன்னு அடக்கிக்கினேன். தண்ணி நின்னா இந்நேரத்துக்கு இப்படித்தான் இருக்கும். வாய்க்காவ மூடுனப்புறம், ரெண்டு வருசமா என் கழனில தண்ணி நிக்கல, நான் இதப் பாக்கல. உங்க வூட்டுச் சொவுத்துலதான் பாத்தேன். நீலத்துக்கு முன்னாடி அதத்தான் பாத்தேன்.” குரல் உடைந்தது, கோபமா அழுகையா என்று தெரியவில்லை. “இது ஒண்ணுமில்லியா?”

அவள் குனிந்து வரப்புக்குச் சேறு அணைக்க ஆரம்பித்துவிட்டாள். ரோசா போகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

தனகோட்டி வாசலில் நின்றாள். வெறும் கையைப் பார்த்தாள்.

“துணி எங்க?”

“அது துணி இல்லடி” என்றேன். “படம்.”